லிஸ்ட் போட்டாச்சா? குளத்தங்கரையில் ஈபேர்ட் செயலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுசாக ஒரு பறவையைப் பார்த்த சந்தோஷத்தை நாலு பேரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றால், பார்த்த பறவைகளை லிஸ்ட்டாகப் பதிந்து வைக்கும் ஈபேர்ட் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பே போதும். போட்டோ போட்ட அடுத்த நிமிஷம் வரிசையாகக் கட்டைவிரல் விழும். ஆனால் ஒரு குளத்தில் இந்தக் குளிர்காலம் என்னென்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, முக்கியமாக எது இல்லை என்று எழுதி வைக்க ஆசைப்பட்டால், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆப் இல்லை.

பாளையங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த ஆப் நல்லது, எது சும்மா பேட்டரியைத் தின்னும் என்று கேட்டுக்கொண்டு தினமும் யாராவது வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறக்காது. ஐப்பசி மழை ஓய்ந்து குளமெல்லாம் பெருகியதும் நானும் எங்கள் அண்ணாச்சியும் மருந்துக்கடைத் தம்பியும் ரெண்டு வண்டியில் கிளம்பிவிடுவோம். நயினார்குளம், வேய்ந்தான்குளம் பக்கத்திலேயே இருக்கின்றன. கொஞ்சம் தூரம் போக மனசிருந்தால் மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். மாசி கடைசி வரை இதுதான் எங்கள் ஞாயிறு.

குரூப்பில் நடப்பது இதுதான். மார்கழியில் ஒருத்தர் "கூந்தன்குளத்துல வரித்தலை வந்தாச்சு" என்று வரித்தலை வாத்து படம் ஒன்று போடுவார். எல்லாரும் குதிப்போம். மத்தியானத்துக்குள் அதன் மேல் ஏழெட்டு காலை வணக்கப் பூக்கள், ஒரு ஜோதிட வீடியோ, யாருக்கோ ரத்தம் தேவை என்று ஒரு செய்தி. அடுத்த வருஷம் "போன தடவை எப்பய்யா வந்துச்சு?" என்று அண்ணாச்சி கேட்டால், மேலே மேலே தள்ளித் தேடுகிறோம், தேடுகிறோம், கிடைக்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு ஈபேர்ட் பிடித்துப்போனது இந்த ஒரு காரணத்தால்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கியது. இந்தியாவில் 'பேர்ட் கவுண்ட் இந்தியா' என்ற கூட்டமைப்பு இதைப் பரப்புகிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். நம் ஊருக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால், குளத்தங்கரையில் டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். டவர் வந்ததும் லிஸ்ட்டை அனுப்பிக்கொள்ளலாம்.

களத்தில் இப்படித்தான். கரையில் வண்டியை நிறுத்தியதும் 'தொடங்கு' தட்டினால் நேரமும் நடக்கும் பாதையும் தானாகப் பதிவாக ஆரம்பிக்கும். பெயர்ப் பட்டியலில் பறவைக்கு இடப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் ஒன்று கூடும். நாமக்கோழி அஞ்சு என்றால் அஞ்சு தட்டு. மொத்தமாக இருந்தால் எண்ணை நேரடியாக எழுதிவிடலாம். இந்த வசதியைச் செய்தவர் நிச்சயம் ஒரு கையில் பைனாகுலரோடு நின்று பார்த்தவராகத்தான் இருப்பார். பெயரை முழுசாக அடிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு சொல்லிலும் முதல் ரெண்டு மூன்று எழுத்து போதும். நான் ஆங்கிலப் பெயரிலேயே வைத்திருக்கிறேன். கையில் அதுதான் பழகிவிட்டது.

எண்ணுவது என்பது தனி வித்தை. ஆப் கற்றுக்கொடுக்காது, ஆனால் கற்றுக்கொள்ளக் கட்டாயப்படுத்தும். தூரத்துக் கரையோரம் ஊசிவால் வாத்துகள் கறுப்புப் பட்டையாக மிதக்கும். அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆயிரம் இருக்கும்லா தம்பி" என்பார். அவருக்கு எல்லாமே ஆயிரம். பைனாகுலரில் கூட்டத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்து முதலில் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அகலத்தை அடுத்தடுத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பாதி தூரம் போனதும் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கும், மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றிவிட்டு வேறு இடத்தில் உட்காரும். மறுபடி முதலிலிருந்து. எழும்பும்போது ஒரு லாபமும் உண்டு: ஊசிவாலோடு நீலச்சிறகியும் தட்டைவாயனும் கலந்திருப்பது இறக்கை விரித்தால்தான் தெரியும். இப்படி எண்ணினால் அண்ணாச்சியின் ஆயிரம் பல நேரம் முந்நூறுக்குள் அடங்கிவிடும். "நீ ஏன்டே பாதியக் கொறைச்சுட்ட?" என்று கோபப்படுவார். எண்ணவே முடியாத நேரத்தில் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போட்டுவிட்டு நகரலாம், 'இருந்தது' என்று அர்த்தம். ஆனால் கண்மதிப்பாக ஒரு எண் போடுவது எக்ஸைவிடப் பயன்.

வரித்தலை வாத்து மட்டும் கண்மதிப்புக்குக் கட்டுப்படும். வெள்ளைத் தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகு, சாம்பல் உடம்பு. பகலில் தண்ணீரோரம் கும்பலாக நிற்கும், இருட்டும் நேரம் வயலுக்கு மேயப் போகும். திபெத் பீடபூமியிலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருவது. எங்கே போகிறது என்று அறிய மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் பதிவாகியிருக்கின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பட்டையின் நிறத்தையும் எழுத்தையும் குறிப்பில் எழுத வேண்டும். நாங்கள் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எல்லாம் முடிந்து அனுப்பப் போகும்போது ஆப் ஒரு கேள்வி கேட்கும். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆமாம், இல்லை. இதில்தான் இந்த ஆப்பின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. 'ஆமாம்' போட வேண்டும் என்றால் காக்காவை எழுதியிருக்க வேண்டும், மைனாவை எழுதியிருக்க வேண்டும், டீக்கடை கூரை மேல் இருந்த சிட்டுக்குருவியை எழுதியிருக்க வேண்டும். பூநாரையையும் வரித்தலையையும் மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டால் 'இல்லை' என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எதற்கு இவ்வளவு கறார்? முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லை என்றால், அன்றைக்கு அந்தக் குளத்தில் தேடியும் அது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அரைகுறைப் பட்டியலில் இல்லாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது. பறவை குறைகிறதா கூடுகிறதா என்பதை, நூறு பட்டியலில் எத்தனையில் அது வந்தது என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

சும்மா சொல்லவில்லை. 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களைப் பரிசீலித்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏற்றிய ஏறக்குறைய மூன்று கோடிப் பதிவுகள்தான் அதற்கு மூலதனம். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன, 98 ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, 36 கூடியிருக்கின்றன. தூர தேசத்திலிருந்து வலசை வருகிறவை நன்றாகவே அடி வாங்கியிருக்கின்றன. அதாவது நாம் மார்கழியில் காத்திருந்து பார்க்கிற வாத்தும் உள்ளானும். மருந்துக்கடைத் தம்பி தட்டிய காக்காவும் அந்த மூன்று கோடியில் எங்கேயோ இருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு கெத்து.

அளவுக்கு மீறிய எண்ணோ, அந்தப் பகுதியில் அந்த மாதத்தில் வழக்கமில்லாத பறவையோ எழுதினால், ஆப் உடனே குறிப்பு கேட்கும். என்ன பார்த்தீர்கள், எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் உண்டா. பின்னால் ஒரு ரிவ்யூவர் பார்ப்பார். அவரும் நம்மைப்போல ஒரு பறவைக் கிறுக்கர்தான், சம்பளமில்லாமல் செய்கிறவர். சந்தேகம் இருந்தால் மெயில் வரும். புதுசாகச் சேர்ந்தவர்களில் சிலருக்கு இது சுருக்கென்று குத்தும்: "நான் கண்ணால பாத்தேங்கேன், நம்ப மாட்டேங்கானே!" என் கருத்து நேர்மாறு. கேள்வி கேட்க ஆள் இருப்பதால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு. 'கால் பச்சை, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்தது, பறந்தபோது முதுகில் ஆப்பு வடிவில் வெள்ளை தெரிந்தது' என்று ரெண்டு வரி எழுதினால் பச்சைக்காலி உள்ளானுக்கு அதுவே போதும். கேள்வி வரும் என்ற நினைப்பே நம்மை இன்னொரு தடவை பைனாகுலரைத் தூக்க வைக்கும்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி. மூன்று பேர் போனால் மூன்று பேரும் போனில் தலையைக் கவிழ்க்க வேண்டாம். ஒருத்தர் லிஸ்ட் போடட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும், எண்ணட்டும். முடிந்ததும் லிஸ்ட்டை மற்றவர்களோடு பகிர்ந்தால் அவரவர் கணக்கில் ஏறிவிடும். தான் பார்க்காததை அவரவர் தன் பிரதியில் நீக்கிக்கொள்ளலாம். ஆராய்ச்சிக் கணக்கில் அது ஒரே பட்டியல்தான், முந்நூறு வாத்து தொள்ளாயிரம் ஆகாது. இதைத் தெரியாமல் ஒரு பெரிய குழுவில் ஆளுக்கொரு லிஸ்ட் தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவ்வளவு தூரம் வந்து, எதிரே பூநாரை நிற்க, இவர்கள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு.

இனி கொஞ்சம் மனஸ்தாபம். இது ஈபேர்டைப் பற்றியது அல்ல, பகிர்வைப் பற்றியது. ஒரு குரூப்பில் ஒருத்தர் ஆந்தை பகலில் அடையும் மரத்தை கூகுள் மேப் புள்ளியோடு போட்டார். அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் கேமராக்காரர்கள் கூட்டம். ஒருத்தர் ஆந்தை முகத்தைத் திருப்பட்டும் என்று கை தட்டுகிறார். கொஞ்ச நாளில் ஆந்தை அந்த மரத்தை விட்டே போய்விட்டது. வேட்டைக்கும் தொந்தரவுக்கும் எளிதில் ஆளாகும் சில இனங்களின் இடத்தை ஈபேர்ட் தானாகவே மறைத்துக் காட்டும். ஆனால் எல்லா இனத்துக்கும் அந்தக் காவல் இல்லை. கூடு என்றால், அடையும் மரம் என்றால், மரத்தின் புள்ளியை வைக்காமல் ஊர் அல்லது குளத்தின் பொதுப் புள்ளியில் வைத்துவிடுவது எங்கள் பழக்கம். லிஸ்ட்டைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கவும் வழி உண்டு.

எனக்கு உவப்பில்லாத ஒன்று, முதல் நூறு பேர் வரிசை. மாவட்டத்தில் இந்த வருஷம் அதிக இனம் பார்த்தது யார், அதிகப் பட்டியல் போட்டது யார் என்று தரவரிசை காட்டும். சிலருக்கு அது உற்சாகம், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தம்பி டிசம்பர் கடைசியில் ரெண்டு இடம் முன்னேற வேண்டும் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தான். லைஃபர், லைஃபர் (வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிற இனம்) என்று ஓடுகிறவன் கண்ணில், பக்கத்து உடைமரத்தில் உட்கார்ந்து வண்டைக் கிழித்துக்கொண்டிருந்த பழுப்புக் கீச்சான் படவே இல்லை. ஆப்பைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்தால் தீர்ந்தது.

அதே ஆய்வகத்தின் இன்னொரு ஆப் மெர்லின். இதுவும் இலவசம். படத்தைக் கொடுத்தால் என்ன பறவை என்று சொல்லும், சத்தத்தைக் கேட்டும் சொல்லும். சத்தம் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. குளிர்காலத்தில் வேலியோரம் 'செக்... செக்...' என்று ரெண்டு கல்லை உரசினதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும், ஆள் வெளியே தலைகாட்டாது. பிளைத் நாணல் கதிர்குருவி. புதியவர்களுக்கு இந்த மாதிரி இடத்தில் மெர்லின் பெரிய துணை. ஆனால் அது சொல்வதை அப்படியே ஈபேர்டில் ஏற்றக் கூடாது. மெர்லின் சொல்வது யோசனை மட்டும்தான், லிஸ்ட்டில் எழுதுவது நம் சாட்சி.

தேடிப் போகாமலே கண்ணில் படுவதற்கு 'தற்செயல்' என்று ஒரு வகை இருக்கிறது. மழை நாளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் ஆறுமணிக்குருவி வந்து விழுந்துவிட்டது. வலசை வந்த களைப்பில் இப்படி வீட்டுக்குள் வருவது அந்தப் பறவைக்கு வழக்கம். பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை. அந்த வீட்டு மைனி அதைச் செருப்பு டப்பாவில் வைத்து, மேலே ஓட்டை போட்டு, "தம்பி, இது என்ன கிளியா?" என்று கடைக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாயங்காலம் வரை இருட்டில் வைத்திருந்துவிட்டு தோட்டத்தில் விட்டோம். நேரம், இடம், ஒன்று என்று தற்செயல் பதிவில் போட்டேன். இதற்கு முழுப் பட்டியல் கேள்வி கிடையாது.

சர்வீஸ் கடைக்காரன் என்ற முறையில் நாலு வார்த்தை. ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் இறங்கத்தான் செய்யும். டவர் இல்லாத குளத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பாதி பேட்டரியைக் காலி செய்யும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், பாதை பதிவாகும். சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பை அமுக்கிவிடும். அப்புறம் பாதை நடுவில் அறுந்து, குளத்தின் குறுக்கே நீங்கள் தண்ணீர் மேல் நடந்ததுபோலக் காட்டும். செட்டிங்கில் போய் ஈபேர்டுக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைக்கவும். ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்தால் பறவைக்கும் நல்லது. மற்றபடி பழைய போனிலும் ஓடும், புது போன் வாங்கித் தொலைக்க வேண்டாம். அந்தக் காசை 8x42 பைனாகுலரில் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மி.மீ. லென்ஸ்) போடுங்கள்.

புதுசாகத் தொடங்க தை மாசம்தான் தோது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கரும்பு கடித்துக்கொண்டே மொட்டை மாடியில் கால்மணி நேரம் நின்று ஒரு லிஸ்ட் போட்டாலும் சேரும். எங்கள் பக்கம் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு, ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் 2011 முதல் நடத்துகிறது. தெரிந்தவர்களோடு குளம் குளமாகப் போகலாம், எண்ணுவதைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். ரெண்டுக்கும் காசு கட்ட வேண்டாம்.

அண்ணாச்சி இதுவரை ஆப்பை ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டார். அவரிடம் 1990-களிலிருந்து டைரி இருக்கிறது, எல்லாம் பென்சிலில். கூந்தன்குளம் சரணாலயமான 1994-இலும் எழுதியிருக்கிறார். பழைய பதிவை ஈபேர்டின் இணையதளத்தில் ஏற்றலாம். தேதி தெரிந்து நேரம் தெரியாவிட்டால் 'வரலாற்றுப் பதிவு' என்று போட இடம் உண்டு. ராத்திரி கடை சாத்தும் நேரம் அவர் வாசிக்க, நான் தட்டுகிறேன். எண்ணோடு எழுதியவை சுலபமாக ஏறிவிடுகின்றன, பழைய ஆயிரங்கள் உட்பட. சிக்கல் வேறு மாதிரிப் பக்கங்களில். 'நாமக்கோழி நிறைய. வாத்து இல்லை' என்று ஒரே வரி. அன்றைக்குப் பார்த்த மற்றதையெல்லாம் எழுதாததால் முழுப் பட்டியல் என்று கொடுக்க முடியாது, கொடுக்காவிட்டால் அந்த 'வாத்து இல்லை' கணக்கில் ஏறாது. இப்போதைக்கு நாமக்கோழிக்கு எக்ஸ் போட்டு, அண்ணாச்சி எழுதிய வரியை அப்படியே குறிப்புப் பெட்டியில் அடித்து வைக்கிறோம். "இதுக்குத்தான் அன்னைக்கே காக்காவ எழுதியிருக்கணும் அண்ணாச்சி" என்றேன். "அன்னைக்குக் காக்காவ எவன்டே கேட்டான்?" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.